டார்ட்மூரில் ராத்தங்கல்

செப்டம்பர் 12, 2025, வெள்ளி: ஐவிபிரிட்ஜ் முதல் லெஃப்ட் லேக் வரை

இங்கிலாந்தில் மலை, காடு, மேய்ச்சல் வெளி எதுவானாலும் அதற்கொரு சொந்தக்காரர் உண்டு. தேசியப் பூங்கா என்று பலகை இருந்தாலும் உள்ளே இருக்கும் நிலம் பெரும்பாலும் தனியாருடையதுதான். பகலில் பாதையில் நடக்கலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். இருட்டியதும் கூடாரம் அடித்துப் படுக்க வேண்டுமானால் நிலத்துக்காரரைக் கேட்க வேண்டும். ஸ்காட்லாந்தில் 2003-ல் வந்த சட்டம் அந்தத் தொல்லையைத் தீர்த்துவிட்டது. இங்கிலாந்தில் யாரையும் கேட்காமல் படுக்கச் சட்டப்படி உரிமை இருப்பது தென்மேற்கே டெவனில் உள்ள டார்ட்மூரில் மட்டும்தான். 1951-லிருந்து அது தேசியப் பூங்கா, பரப்பு 954 சதுர கிலோமீட்டர். அங்கேயும் எல்லா இடத்திலும் முடியாது. பொது மேய்ச்சல் நிலங்களில் எங்கெங்கே படுக்கலாம் என்று பூங்கா நிர்வாகம் வரைபடம் போட்டு வைத்திருக்கிறது.

கூட வந்தது மனைவியின் தம்பி. பிரிஸ்டலில் வேலை. கொடைக்கானலில் ஆபீஸ் ஆட்களோடு கேம்ப் ஃபயர், சிக்கன் கிரில், ஸ்பீக்கர் என்று 'கேம்பிங்' போய் வந்தவன். ரயிலில் வரும்போதே கேட்டான்: "விறகு மேலேயே கிடைக்குமா அத்தான், இல்ல வாங்கிட்டுப் போகணுமா?"

"நெருப்பே கூடாது மாப்ள. கேஸ் அடுப்பு மட்டும்தான்."

"அப்புறம் ராத்திரி என்ன பண்றது?"

"தூங்கு."

அவன் முகம் விழுந்துவிட்டது. நெருப்பு கிடையாது, பெரிய குடும்பக் கூடாரம் கிடையாது, எல்லாவற்றையும் நம் முதுகிலேயே சுமந்து போக வேண்டும், சாலையிலிருந்து 100 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும், ஒரே இடத்தில் இரண்டு ராத்திரிக்கு மேல் தங்கக் கூடாது. இவ்வளவும் கேட்ட பிறகு, "இதுக்கு ரூமே போட்டிருக்கலாம்" என்றான். அவன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை.

ஐவிபிரிட்ஜில் ஒரு பேக்கரியில் பேஸ்டி வாங்கினோம், ஒன்று 4 பவுண்டு 80 பென்ஸ். மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, ஸ்வீடு (swede) என்ற ஒருவகைக் கிழங்கு, வெங்காயம் வைத்து ஓரத்தை முறுக்கி மூடிச் சுட்டது. அவன் சீஸும் வெங்காயமும் போட்டதை எடுத்துக்கொண்டான். மிளகு போதவில்லை என்று இரண்டு பேருக்குமே குறை. கேஸ் டப்பா 7 பவுண்டு. கல்லாவில் இருந்த பையன் அதை எங்களிடம் கொடுக்கும் முன், காலி டப்பாவை மேலேயே விட்டுவிட்டு வந்துவிடாதீர்கள் என்றான். போன மாதம்கூட அவன் நாலைந்து பொறுக்கி வந்தானாம்.

ஊரை விட்டதும் ஏற்றம்தான். வேலிக்கு நடுவே ஒடுங்கிய தார்ச்சாலை, இரண்டு பக்கமும் பிளாக்பெர்ரி. செப்டம்பர் ஆனதால் பாதி பழுத்தும் பாதி அழுகியும் கிடந்தது. மேட்டு வெளிக்குள் போகும் கேட்டில் ஒரு பாட்டி நாயோடு நின்றிருந்தார். நாங்கள் நுழைந்ததும் கேட்டைத் தானே சாத்தி, கொக்கி விழுந்ததா என்று இழுத்துப் பார்த்துக்கொண்டார். மூட்டையைப் பார்த்ததும், "ராத்திரி மேலேதானா?" என்றார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் காற்றைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். நாளைக்கு மறுநாள் பலமாக அடிக்கும், கூடாரத்தின் ஒடுங்கிய பக்கம் தென்மேற்கைப் பார்த்து இருக்கட்டும், பெரணிக்குள் மட்டும் படுக்காதீர்கள், உண்ணி ஏறும் என்றார். உண்ணி எங்கெல்லாம் ஏறும் என்பதையும் கொஞ்சமும் கூச்சமில்லாமல் விளக்கினார். மாப்ள அப்போதே பேண்ட்டின் முனையைச் சாக்ஸுக்குள் திணித்துக்கொண்டான். ஊர் திரும்பும்வரை வெளியே எடுக்கவில்லை.

மேலே பாதை எதிர்பார்த்ததைவிடச் சுலபம். 1911-ல் போட்டு 1932-ல் மூடிய ஒரு குட்டி ரயில்பாதையின் தடம் அது. ரெட் லேக் என்ற இடத்தில் வெள்ளைக் களிமண் வெட்டினார்கள். களிமண்ணைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியே கீழே அனுப்பிவிடுவார்கள். ரயில், வேலையாட்களுக்கும் சாமானுக்கும். தண்டவாளத்தை எப்போதோ பெயர்த்துவிட்டார்கள். தடம் மட்டும் மலை இடுப்பைச் சுற்றிக்கொண்டு சீராகப் போகிறது. மரம் என்று ஒன்றும் இல்லை. புல், வாடத் தொடங்கிய ஊதா ஹெதர், மஞ்சள் பூவோடு முட்செடி, செம்மறி, இடையிடையே கருங்கல் குவியல். சாரல் வந்தது, வெயில் வந்தது, மறுபடி சாரல். ரெயின்கோட்டைப் போட்டுக் கழற்றியே கை ஓய்ந்தது.

லெஃப்ட் லேக் ஏரி இல்லை, தண்ணீர் நிரம்பிய பழைய களிமண் குழி. பக்கத்தில் ஒரு கல்பாலம். அதன் கரையில்தான் அந்தக் கறுப்புச் சதுரத்தைப் பார்த்தோம். கடையில் ஐந்தாறு பவுண்டுக்கு விற்கும், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பார்பிக்யூ தட்டை நேராகப் புல்லின் மேலேயே வைத்துக் கொளுத்தியிருக்கிறார்கள். புல் வேரோடு போய், அடிமண் கரியாகித் தெரிந்தது. தட்டும் அங்கேயே கிடந்தது. அலுமினியத் தாள் கசங்கி, மேலே கொழுப்பு உறைந்து, ஒரு நத்தை ஊர்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் இரண்டு பியர் பாட்டில், வளைந்த கூடார முளை ஒன்று. இங்கே மண் என்பது பாதி பீட், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மட்காமல் சேர்ந்த செடிகொடி. காய்ந்திருந்தால் மண்ணே எரியும். மேலே அணைந்த மாதிரி தெரிந்தாலும் அடியில் கனன்றுகொண்டே நகரும். மாப்ள கொஞ்ச நேரம் குந்தி உட்கார்ந்து அதைப் பார்த்தான். பிறகு ஒன்றும் சொல்லாமல் தட்டை மடக்கித் தன் குப்பைப் பையில் போட்டுக்கொண்டான். விறகுப் பேச்சு அதோடு நின்றது.

குழியிலிருந்து நன்றாகத் தள்ளி, பாதையிலிருந்து தெரியாத ஒரு சரிவில் இடம் பார்த்தோம். பொழுது சாயும்வரை கூடாரத்தை விரிக்கவில்லை. மனைவி கட்டிக் கொடுத்த புளியோதரையும் அப்பளத் தூளும் (கிளம்பும்போது அப்பளமாகத்தான் இருந்தது) சாப்பிட்டபடி எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தோம். கீழே எர்ம் ஆறு. அக்கரையில் தெரிவது ஸ்டால் மூர்.

டார்ட்மூரில் ராத்தங்கும் உரிமை பற்றிய வழக்கு நடந்தது அந்த நிலத்தை வைத்துத்தான். அதன் சொந்தக்காரர்களான டார்வால் தம்பதி, தங்கள் அனுமதி இல்லாமல் யாரும் அங்கே ராத்தங்கக் கூடாது என்று நீதிமன்றம் போனார்கள். 1985-ஆம் ஆண்டு டார்ட்மூர் பொதுநிலச் சட்டம், நடந்தும் குதிரையிலும் வந்து திறந்தவெளியில் பொழுதைக் கழிக்க எல்லோருக்கும் உரிமை தருகிறது. தூங்குவது அதில் சேருமா என்பதுதான் சண்டை. 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சேராது என்றது. அந்த மாதமே ஆயிரக்கணக்கானோர் இந்த மேட்டுக்கு நடந்து வந்து எதிர்ப்பைக் காட்டினார்கள். ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சேரும் என்றது. 2025 மே 21 அன்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாக, கூடாரம் போட்டுத் தூங்குவதும் அதில் அடக்கம் என்று முடித்துவைத்தது. ஆக, நாங்கள் குறட்டை விடுவதற்கு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வேண்டியிருந்திருக்கிறது.

இருட்டும் நேரத்தில் நாலு சக்கர பைக்கில் ஒரு விவசாயி வந்தார். இங்கே ஆடு மேய்க்க உரிமை உள்ளவர்களில் ஒருவர். வண்டியை அணைக்காமல் எங்கள் கூடாரங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். நாய் எதுவும் இல்லையே என்று கேட்டார். எத்தனை நாள் என்றார். காலையில் கிளம்பிவிடுவோம் என்றதும்தான் எஞ்சினை அணைத்தார். சனிக்கிழமை கூட்டத்தைப் பற்றி, விட்டுப்போன கூடாரத் துணியை மென்று செத்த கன்றுக்குட்டியைப் பற்றி, ஐந்து நிமிடம் கொட்டித் தீர்த்தார். எங்கள் பையிலிருந்த பார்பிக்யூ தட்டைப் பார்த்ததும், "அது உங்களுடையதா?" என்றார் குரல் மாறி. இல்லை, பொறுக்கியது என்று மாப்ள சொன்னதும் தலையை மட்டும் ஆட்டினார். போகும்போது, மேற்கே உள்ள சின்ன ஓடையில் தண்ணீர் எடுங்கள், இந்தப் பக்கத்து ஓடையில் மேலே ஓர் ஆடு செத்துக் கிடக்கிறது என்றார். அதுவரை இந்தப் பக்கத்து ஓடையில்தான் பாட்டிலை நிரப்பி வைத்திருந்தோம். நல்லவேளை, இன்னும் குடிக்கவில்லை.

ராத்திரி ஒரு மணி இருக்கும். "அத்தான்... யாரோ இருமுறாங்க."

கேட்டுப் பார்த்தேன். வயதான பீடிக்காரர் ஒருவர் என் தலைமாட்டிலேயே நின்று நெஞ்சைச் செருமிக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. டார்ச் அடித்தால் இரண்டு பச்சைக் கண்கள். செம்மறி ஆடு. விடியும்வரை முறை வைத்து இருமின.

செப்டம்பர் 13, சனி: ரெட் லேக், டக்ஸ் பூல், ப்ளிம் ஆற்றின் தலை

இதை எழுதாமல் விடக் கூடாது. காலைக்கடன்.

நடைப்பயணம் பற்றி எழுதுகிற எல்லோரும் சூரிய உதயத்தை எழுதுவார்கள், இதை விட்டுவிடுவார்கள். ஓடையிலிருந்து 50 மீட்டருக்கு மேல் தள்ளிப் போய், செடி நடும் சின்னக் கரண்டியால் ஒரு சாண் ஆழத்துக்குக் குழி தோண்டி, முடித்து மூட வேண்டும். ஈரப் பீட் மண்ணில் தோண்டிப் பயனில்லை, அது எதையும் மட்க விடாது. மண் கொஞ்சம் உதிரியாக இருக்கும் சரிவைத் தேட வேண்டும். அப்படி இடம் கிடைக்காவிட்டால் பையில் கட்டிச் சுமந்து வர வேண்டும், அதற்கென்றே பை விற்கிறார்கள். இந்த ஊர்க்காரர்களுக்குப் பெரிய தலைவலி காகிதம். புதைத்தால் நரி கிளறிவிடும், காற்று எடுத்துப் போகும். பாறை மறைவுகளில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்ததை நேற்றே பார்த்தோம். நமக்கு அந்தப் பாடே இல்லை, ஒரு லிட்டர் பாட்டிலும் நம் ஊர் முறையும் போதும். தண்ணீர் எட்டு டிகிரியில் இருந்தது என்பது வேறு விஷயம்.

காலை உணவு உப்புமா. வீட்டிலேயே கடுகு, மிளகாய், கறிவேப்பிலை தாளித்து ரவையை வறுத்து ஜிப் பையில் கொண்டுவந்திருந்தேன். கொதிக்கும் நீரில் கொட்டி மூடிவைத்தால் ஐந்து நிமிடம். சோப்பு போடக் கூடாது என்பதால் பாத்திரத்தை விரலாலேயே வழித்துத் தின்றுவிட்டு, கழுவின தண்ணீரையும் ஓடையில் விடாமல் தூரமாகத் தெளித்தோம்.

கூடாரத்தை எடுத்ததும் அடியில் புல் இரண்டு நீள்சதுரமாகப் படுத்திருந்தது. மாப்ள அதைக் கையால் கோதி நிமிர்த்திவிட்டான். அவன் முளைகளை எண்ணினான், ஒன்று குறைந்தது. இருபது நிமிடம் தவழ்ந்து தேடினோம். அவன் சட்டைப் பையிலேயே இருந்தது.

பதினொரு மணிவரை மூடுபனி. ரெட் லேக்கின் களிமண் கழிவு மேடு கூம்பு மாதிரி நிற்கும், வெகு தூரத்திலிருந்தே தெரியும் என்று படித்திருந்தோம். அதன் அடிவாரத்தில் முட்டிக்கொண்ட பிறகுதான் தெரிந்தது. குட்டி ரயில் தடமும் அங்கே முடிந்துவிட்டது. அதற்கு அப்பால் பாதை கிடையாது. டக்ஸ் பூல் வரைக்கும் இரண்டரைக் கிலோமீட்டர்கூட இருக்காது, எங்களுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. புல் தலையணை தலையணையாக முளைத்திருக்கிறது. மேலே மிதித்தால் கணுக்கால் பிசகும், இடையில் மிதித்தால் சேறு. பளிச்சென்ற பச்சைப் பாசியை நம்பி நான் கால் வைத்தேன், முழங்கால்வரை உள்ளே போனது. காலை இழுத்தபோது வந்த சத்தத்துக்கு மாப்ள விழுந்து விழுந்து சிரித்தான். பத்து நிமிடத்தில் அவனுக்கும் அதே கதி ஆனது, எனக்கு ஆறுதல்.

வழியில் கிரீன் ஹில் என்ற மேட்டில் கல்வரிசை ஒன்றின் வடக்கு முனை இருக்கிறது. ஸ்டால் மூரில் ஒரு கல்வட்டத்தில் தொடங்கி, எர்ம் ஆற்றைத் தாண்டி, மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஒற்றை வரிசையாக வருகிறது. வெண்கலக் காலத்தில் நட்டது, உலகிலேயே நீளமான கல்வரிசைகளில் ஒன்று. பிரம்மாண்டமாக இருக்கும் என்று போனால் பல கற்கள் முழங்கால் உயரம்கூட இல்லை. புல்லுக்குள் தேட வேண்டியிருந்தது. கற்களின் பக்கத்தில் படுப்பதோ, காற்றுக்குத் தடுப்பாக ஒரு கல்லைப் பெயர்ப்பதோ கூடாது. பெயர்த்திருக்கிறார்கள் என்பது சில இடங்களில் தெரிந்தது.

டக்ஸ் பூலில் வாத்தும் இல்லை, குளமும் இல்லை. வற்றிப்போன பீட் பள்ளம் ஒன்று, ஒரு பாறை, அதில் வில்லியம் கிராஸிங் நினைவாக ஒரு பலகை. டார்ட்மூரைக் கால்நடையாகவே அலைந்து எழுதியவர். பாறை அருகே ஒரு பெட்டி, உள்ளே நோட்டும் ரப்பர் முத்திரையும். 1854-ல் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி வடக்கே கிரான்மியர் பூலில் வருகிறவர்கள் விசிட்டிங் கார்டு போட ஒரு பாட்டில் வைத்தார். அதிலிருந்து பிறந்த பழக்கம் இது, இப்போது மேடெங்கும் இப்படிப் பெட்டிகள் ஒளிந்திருக்கின்றன. நோட்டு ஈரத்தில் உப்பியிருந்தது. மாப்ள தமிழில் பேரும் ஊரும் எழுதி முத்திரையும் குத்தினான். அவனுக்கு மேலே எழுதியிருந்தவர் "மழை. மறுபடி மழை. ஏன் வருகிறேன் என்று தெரியவில்லை" என்று எழுதி, அது தன் நாற்பதாவது வருகை என்றும் குறித்திருந்தார்.

சாயங்காலம் ப்ளிம் ஆறு தொடங்கும் இடத்துக்கு அருகே கொஞ்சம் காய்ந்த திட்டு கிடைத்தது. தண்ணீர் டிகாக்ஷன் நிறம், பீட் சாயம். வடிகட்டினாலும் நிறம் போகாது, கொதிக்க வைத்துக் குடித்தால் ஒன்றும் செய்யாது. பருப்பு சாதப் பொடியும் ஊறுகாயும் சாப்பிட்டு முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

அன்றிரவின் விருந்தாளி மட்டக்குதிரை. டார்ட்மூர் முழுக்க இவை திரிகின்றன, ஆனால் சொந்தக்காரர் இல்லாத குதிரை ஒன்றும் கிடையாது. சாப்பாடு கொடுத்துப் பழக்கக் கூடாது, பழகினால் சாலைக்கு வந்து வண்டியில் அடிபடும். ஒன்று என் கூடாரக் கயிற்றில் முதுகைத் தேய்க்க ஆரம்பித்தது. முளை பிடுங்கிக்கொண்டு ஒரு பக்கம் அப்படியே என் முகத்தில் விழுந்தது. மழையில், உள்ளாடையோடு, டார்ச்சை வாயில் கடித்துக்கொண்டு முளை அடித்தேன். குதிரை நகராமல் நின்று பார்த்தது.

செப்டம்பர் 14, ஞாயிறு: பிரின்ஸ்டவுன்

பாட்டி சொன்ன காற்று வந்துவிட்டது. கூடாரத்தை மடிக்க ஒருவர் மேலே படுக்க வேண்டியிருந்தது. உப்புமாவுக்கு அடுப்பு நிற்கவில்லை, பச்சை அவலும் சர்க்கரையும் தின்றுவிட்டு நடந்தோம்.

நன்ஸ் கிராஸில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு கற்சிலுவை. 1240-ல் 'வனம்' என்று பேர் வைத்திருந்த இந்த வேட்டைநிலத்தின் எல்லையை நடந்து அளந்தபோதே அதைக் குறித்திருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு வாய்க்கால் மலைக்குள் சுரங்கம் புகுந்து போகிறது. டெவன்போர்ட் கப்பல் தளத்துக்குத் தண்ணீர் கொண்டுபோக 1790-களில் வெட்டியது. ஒடுங்கலாக, தெளிவாக, கரையில் கல் பாவி, பார்த்ததும் காலை நனைக்கத் தோன்றும் வாய்க்கால். நனைத்தோம். சேறு போன அளவுக்கு உயிரும் போனது.

பிரின்ஸ்டவுன் சிறைச்சாலை ஊர். நெப்போலியன் போர்க் கைதிகளுக்காக 1809-ல் திறந்த கருங்கல் கட்டடம். பாறையிலிருந்து கசியும் ரேடான் என்ற கதிரியக்க வாயுவால் 2024-ல் கைதிகளை மாற்றிவிட்டார்கள். வாயு இருக்கும் என்று தெரிந்தே எதிரே டீக்கடைகளில் கூட்டம்.

நாங்கள் நுழைந்த கடைப் பெண்மணி காலணிகளைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் பழைய செய்தித்தாளை மேசைக்கடியில் விரித்தார். கிரீம் டீ, அதாவது டீயோடு ஸ்கோன் என்ற சின்ன ரொட்டியும் ஜாமும் கிரீமும், ஒன்று 8 பவுண்டு 50. ஸ்கோனில் மாப்ள ஜாமை முதலில் தடவப் போனதும் பக்கத்து மேசைப் பெரியவர், "அது கார்ன்வால்காரன் செய்கிற வேலை" என்று எச்சரித்தார். டெவனில் கிரீம்தான் முதலில். தயிர் ஏட்டை அரை விரல் கனத்துக்கு அப்பினால் எப்படி இருக்குமோ அப்படி. எங்கள் குப்பைப் பை நாற்றம் அடித்திருக்க வேண்டும், எழுந்தபோது அந்தப் பெண்மணியே அதை வாங்கிப் போய்ப் பின்கட்டுத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தார். பாட்டில்களை மட்டும் தனியாகப் பிரித்து எடுத்துக்கொண்டார்.

பஸ் எங்கள் நேரத்துக்கு ஒத்துவரவில்லை. டாக்சிக்கு அரை மணி நேரம் காற்றில் நின்றோம். வந்தவர் இறங்கும்போதே கையில் இரண்டு கறுப்புப் பாலித்தீன் பைகள். பின்சீட்டில் ஆளுக்கொன்றாக விரித்துவிட்டுத்தான் கதவைத் திறந்தார்.

"ஞாயிற்றுக்கிழமை இங்கிருந்து கூப்பிட்டால் எப்படிப்பட்டவர்கள் ஏறுவார்கள் என்று எனக்குத் தெரியும்" என்றார். ப்ளிமத் ஸ்டேஷன்வரை 52 பவுண்டு. மாப்ள 55 கொடுத்தான்.